கண்ணுக்குத் தெரியாத வாட்டம்

(ஓமலூரில் கட்டடத் தொழிலாளர்களும் வீடு கட்டுவோரும் கூடியிருந்த கூட்டத்தில் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புது வீடு. கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லாச் சுவரும் பளிச்சென்று இருக்கிறது. ஒரே ஒரு சுவர் மட்டும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பொரிந்து, உப்புப் பூத்து, பெயின்ட் தோல் தோலாக உரிகிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. நீங்களே சிரிக்கிறீர்கள். பாத்ரூம்தான்.

வீட்டுக்காரர் முதலில் பெயின்டரைக் கூப்பிடுகிறார். சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் அதே இடத்தில் அதே கோலம். பிறகு ஒரு நாள் போன் வரும்: "ஏனுங்க, வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் எல்லாம் அடிச்சுத்தானுங்க டைல்ஸ் போட்டோம். அப்புறமும் ஓதம் ஏறுதுங்களே?"

இன்றைக்கு நான் பேசப்போவது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். கெமிக்கல் அடித்தும் ஏன் கசிகிறது?

இப்படிப்பட்ட ஒரு பாத்ரூமை உடைத்தபோது நின்று பார்த்திருக்கிறேன். மேலே டைல்ஸ் நன்றாக இருந்தது, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கதவோரத்து டைலை உளி வைத்து நெம்பினால், அடியில் இருந்த கலவை கறுத்துப்போய், கரண்டியால் அள்ளும் பதத்தில் கிடந்தது. சாக்கடை நாற்றம். கலவையை வழித்து எடுத்தால் அதற்குக் கீழே கெமிக்கல் பூச்சு. அது எப்படி இருந்தது தெரியுமா? ஓட்டை இல்லை, உரியவில்லை, அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே சாம்பல் நிறத்தில் அருமையாக இருந்தது. அதன்மேல் அரை இஞ்ச் தண்ணீர் நின்றது. பூச்சு தண்ணீரைக் கீழே விடவில்லை, தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் நின்ற தண்ணீருக்குப் போக வழி இல்லை. கலவை வழியே பக்கவாட்டில் ஊறி, கதவு நிலையின் காலைப் பிடித்து, ஹால் சுவருக்கு ஏறிவிட்டது. வேப்ப மர நிலை, அடியில் நாலு விரல் உயரத்துக்கு விரலால் அமுக்கினால் உள்ளே போகிறது.

கோளாறு எங்கே? மேல் டைலுக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கொடுத்திருந்தார்கள். கீழே கெமிக்கல் அடித்த தளத்துக்கு வாட்டமே இல்லை. ரசமட்டம் வைத்த மாதிரி சமமாக இருந்தது.

பாத்ரூமுக்கு ஒரு தரை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இரண்டு தரை. காலில் படுகிற தரை ஒன்று, அதற்கு ஒன்றரை, இரண்டு இஞ்ச் கீழே கண்ணுக்குத் தெரியாத தரை ஒன்று. இரண்டுக்கும் வாட்டம் வேண்டும், இரண்டும் தண்ணீர் வடிகிற ஒரே ஜாலியில் போய் முடிய வேண்டும். நம் ஊரில் மேல் தரைக்கு எல்லோரும் வாட்டம் பார்க்கிறார்கள். கீழ்த் தரையை யாரும் கேட்பதில்லை.

டைல்ஸ் போட்ட பிறகு தண்ணீர் எப்படிக் கீழே போகும் என்று சிலர் கேட்பார்கள். டைல் வழியாகப் போகாதுதான். விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. ஆனால் இரண்டு டைலுக்கு நடுவில் நாம் அடைக்கிற சிமெண்ட் ஜாயிண்ட் அப்படி இல்லை. தண்ணீர் அதன் வழியே மெதுவாக உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். காலையில் நாலு பேர் குளித்து, மாலையில் துணி துவைத்து, இரவு கால் கழுவினால், கீழே இருக்கிற கலவை காய்வதற்கு நேரம் எங்கே?

நம் தாத்தா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் ஒரு பலகைக் கல். அதன்மேல் உட்கார்ந்து குளித்தால் தண்ணீர் வாழைக்கோ தென்னைக்கோ போய்விடும். ஒரு மணி நேர வெயிலில் கல் காய்ந்துவிடும். அங்கே வாட்டர் ப்ரூஃப் வேலையை ஓமலூர் வெயில் பார்த்துக்கொண்டது. இன்றைக்கு அதே குளியலை மாடி படுக்கையறைக்குப் பக்கத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி வென்டிலேட்டர் வைத்த அறைக்குள் கொண்டுவந்துவிட்டோம். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு குளியலறைக்குச் சொல்கிற குறைந்தபட்ச அளவு 1.8 சதுர மீட்டர். அந்த இடத்துக்குள் வெயிலுக்கு வேலை கிடையாது. வெயில் செய்த வேலையை வாட்டம்தான் செய்ய வேண்டும்.

இது புது அறிவும் இல்லை. மொகஞ்சதாரோ வீடுகளில் செங்கல்லை நெருக்கி அடுக்கி, சரிவு கொடுத்துக் குளிக்கிற தளம் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடி, சுவரைத் தாண்டித் தெருக் கால்வாய்க்குப் போகும். அங்கே இருக்கிற பெரிய குளத்தின் செங்கல் அடுக்குக்குப் பின்னால் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். தடுப்பு, சரிவு இரண்டையும் சேர்த்தே யோசித்தவர்கள். நம் கீழடியிலும் சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன.

அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்தில் தாரமங்கலத்துக்குப் போங்கள். கெட்டி முதலிகள் காலத்துக் கைலாசநாதர் கோயில். எல்லோரும் சிற்பத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கொத்தனார், தண்ணீர் போகிற வழியைப் பாருங்கள். எந்தச் சிவன் கோயிலிலும் அபிஷேகத் தண்ணீர் ஆவுடையாரின் வாயில் இறங்கி, கருவறையை விட்டுக் கோமுகி வழியாக வெளியே வரும். கிழக்கோ மேற்கோ பார்த்த கோயிலென்றால் வடக்குப் பக்கம், சண்டிகேசுவரருக்கு அருகில். அந்தக் கோமுகிக் கல் சுவரோடு நின்றுவிடாது, அதிட்டானத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதற்கு? விழுகிற தண்ணீர் சுவரின் காலில் படக்கூடாது. தினமும் பாலும் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றுகிற ஒரு அறை, நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது. அந்த அறைக்கு எந்தக் கெமிக்கலும் இல்லை.

அந்தப் பக்கம் மேட்டூர். 1934இல் கட்டி முடித்த அணை, 120 அடிக்குத் தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. அதன் உள்ளேயே கசிவு நீரைச் சேர்த்து வடிக்கச் சுரங்கப்பாதை இருக்கிறது. பொறியாளர்கள் உள்ளே போய்க் கசிவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு வருவார்கள். ஒரு சொட்டும் கசியாது என்று அணை கட்டினவர்களே சத்தியம் பண்ணவில்லை. கசிந்தால் அது எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தார்கள். ஒரு டப்பா கெமிக்கலை நம்பி நாம் சத்தியம் பண்ணுகிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். நான் சொல்வதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பிளான் போடும்போதே ஜாலி எந்த மூலையில் என்று முடிவாகிவிட வேண்டும். கதவுக்கு எதிர் மூலை நல்லது. ஷவருக்கு நேர் கீழே அல்லது அதற்கு ஒட்டின மூலையில் இருக்கட்டும். வாஸ்துக்காரர் தண்ணீர் ஈசானியத்துக்குப் போகட்டும் என்பார், செப்டிக் டேங்க் மேற்கே தோண்டியிருப்பார்கள். அந்தச் சண்டையைக் காகிதத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். தளம் போட்ட பிறகு தீர்த்தால் வாட்டம்தான் பலியாகும்.

வாட்டம் எவ்வளவு? அடிக்குக் கால் இஞ்ச். ஐந்துக்கு ஏழு பாத்ரூம் என்றால் ஏழடிக்கு ஒன்றே முக்கால் இஞ்ச் இறக்கம். இதைக் கடைசியில் தேட முடியாது. ஹால் மட்டத்திலிருந்து பாத்ரூம் வாசலே ஒரு இஞ்ச் இறங்கித் தொடங்க வேண்டும், அதிலிருந்து ஜாலிக்கு இன்னும் ஒன்றே முக்கால். கான்கிரீட் போடும்போதே தளத்தை அதற்கு ஏற்றபடி இறக்கிக்கொள்ள வேண்டும்.

மாடியில் பாத்ரூம் தளத்தை மட்டும் பள்ளமாக இறக்கிச் சங்கன் ஸ்லாப் போட்டால் ஒரு சேதி. அந்தப் பள்ளத்தை நாம் எதைப் போட்டு நிரப்புகிறோம்? உடைந்த செங்கல், பூச்சுக் கழிவு, சைட்டில் கிடக்கிற எல்லாம். செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் உறிஞ்சலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. ஐந்துக்கு ஏழு, ஒரு அடி ஆழம் என்றால் 35 கன அடி, ஏறக்குறைய ஒரு கன மீட்டர். அதில் ஒரு டன் செங்கல் உடைசல் என்று வையுங்கள். 200 லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு அது சும்மா உட்கார்ந்திருக்கும். கீழ் வீட்டுச் சீலிங்கில் ஒரு திட்டுத் தெரிவதற்குள் மேலே பதினைந்து குடம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு கம்பி துருப்பிடிக்கும், துரு பருக்கும், கான்கிரீட்டைத் தள்ளும், ஒரு நாள் பூச்சு பெயர்ந்து விழும்.

ஆகவே சங்கன் பள்ளத்தின் அடித்தளத்திலும் வாட்டம், அங்கேயும் பூச்சு, அதன் தாழ்ந்த மூலையில் வெளியே போக ஒரு சின்ன பைப். அந்தப் பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டினால் மேலே ஏதோ கெட்டுவிட்டது என்று அதுவே உங்களுக்குச் சொல்லிவிடும். வெஸ்டர்ன் கிளாசெட் என்றால் பல இடங்களில் அவ்வளவு ஆழமான பள்ளமே தேவையில்லை. இந்தியன் கிளாசெட்டுக்குப் பழகின கை இன்னும் ஒரு அடி பள்ளத்தை விடமாட்டேன் என்கிறது.

பைப் தளத்தைத் துளைத்து இறங்குகிற இடம் இன்னொரு வாசல். பிவிசி மேல் சிமெண்ட் ஒட்டாது. பூசின அன்றைக்கு ஒட்டின மாதிரி தெரியும், ஆறு மாதத்தில் சுற்றிலும் மயிரிழை விரிசல் விடும். பைப்பைத் தேய்த்துச் சுரசுரப்பாக்கி, அதன்மேல் பிவிசி பசை தடவி, ஈரம் காய்வதற்குள் மணலைத் தூவிவிடுங்கள். மணல் ஒட்டின பைப்பைக் கலவை விடாமல் பிடிக்கும். சுற்றி அடைக்கிற கலவை சுருங்காத வகையாக இருக்கட்டும். செலவு ஒரு டீ செலவுதான்.

இனி அந்தக் கண்ணுக்குத் தெரியாத தரை. கெமிக்கல் அடிப்பதற்கு முன்னாலேயே கலவையில் வாட்டம் எடுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, தண்ணீர் கட்டி ஆற்றுங்கள். சுவரும் தரையும் சேருகிற மூலையைக் கூர்மையாக விடாமல் உருட்டிப் பூசுங்கள். பூச்சு கிழிவது முதலில் அந்தக் கூர் மூலையில்தான். பவுடரும் பால் போன்ற திரவமும் கலக்கிற கெமிக்கல் என்றால் இரண்டு கை. முதல் கை கிழக்கு மேற்காக, அது இறுகின பிறகு இரண்டாம் கை வடக்கு தெற்காக. சுவரில் ஒரு அடி ஏற வேண்டும். ஷவர் இருக்கிற சுவரில் ஆறடி. கதவுப் படியின் கீழும் திரும்பி ஏற வேண்டும். அந்த இடத்தை விட்டதால்தான் வேப்ப மர நிலை அழுகியது.

ஜாலி இருக்கிற இடத்தை நிதானமாகக் கேளுங்கள், இதைத்தான் பெரும்பாலும் தவற விடுகிறோம். ஜாலிக்குக் கீழே இருக்கிற நகானி டிராப்பின் வாய் மேல் டைல் மட்டத்துக்கு உயர்ந்து நிற்கிறது. கீழ்த் தரையின் தண்ணீர் அதன் கழுத்துக்கு வந்து முட்டி நின்றுவிடுகிறது, ஏற முடியாது. அழகாக வாட்டம் கொடுத்து, கடைசியில் ஒரு மதில் சுவர் கட்டிவிட்டோம். என்ன செய்ய வேண்டும்? கழுத்தில், கெமிக்கல் பூச்சின் மட்டத்தில், சுற்றிலும் நாலைந்து சிறு துளை. கலவை போடும்போது அந்தத் துளை அடைபடாமல் இருக்க, சுற்றி ஒரு பிடி கழுவின சிப்ஸ் ஜல்லி. பூச்சும் கழுத்துவரை வந்து அதைப் பிடித்திருக்க வேண்டும். கலவையில் ஊறி இறங்குகிற தண்ணீர் பூச்சின் மேல் சறுக்கி வந்து, ஜல்லி வழியாகத் துளைக்குள் விழும். கண்ணால் பார்க்கவே முடியாத ஓட்டம் அது. மாதக்கணக்கில் கலவை நாறாமல் இருப்பது அதனால்தான். கடையில் இதற்கென்றே துளையோடு வருகிற டிராப்பும் உண்டு. கிடைக்காவிட்டால் டிரில் இருக்கிறது.

டைல் ஒட்டுவதற்கு முன் சோதனை. டிராப் வாயை மணல் நிரப்பின துணி மூட்டையால் அடைத்து, இரண்டு இஞ்ச் தண்ணீர் கட்டுங்கள். சுவரில் பென்சிலால் கோடு. 48 மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. பக்கத்திலேயே ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். ஏனென்றால் சித்திரை மாசத்தில் நம் ஊர் வெயிலுக்கு எல்லாத் தண்ணீரும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். "வெயிலுக்கு ஆவியாயிருச்சுங்க" என்று கொத்தனாரும், "இல்ல, ஒழுவுது" என்று வீட்டுக்காரரும் நிற்பார்கள். இரண்டு கோட்டையும் ஒப்பிட்டால் வழக்கு தீர்ந்தது. வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த 48 மணி நேரத்துக்குக் கொத்தனார் கூலி இல்லாமல் சும்மா இருக்க முடியாது. அவருக்கு வேறு வேலை கொடுங்கள், அல்லது அந்த நாளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்துகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

டைல்ஸைப் பற்றி நீட்டிப் பேச மாட்டேன். ரெண்டுக்கு ரெண்டு டைலை நாலு பக்கம் வாட்டத்துக்கு வளைக்க முடியாது. ஷவர் இருக்கிற இடத்துக்காவது ஒன்றுக்கு ஒன்று சொரசொரப்பு டைல் போதும். பெரிய டைல்தான் வேண்டும் என்றால், சுவரோரம் நீளமான ஜாலி வைத்து ஒரே பக்கமாக வாட்டம் கொடுங்கள். நாலு மூலைக்கு நாலு உருண்டை கலவை வைத்து ஒட்டினால் நடுவில் பொள்ளல், அந்தப் பொள்ளல் முழுக்கத் தண்ணீர். இன்னொன்று, இடைவெளியே தெரியாமல் ஒட்டச் சொல்வது இப்போது ஒரு மோகமாகிவிட்டது. இடைவெளி இல்லாத இடத்தில் ஜாயிண்ட் பவுடர் எப்படி இறங்கும்? இரண்டு, மூன்று மில்லிமீட்டர் விடுங்கள்.

அந்த ஜாயிண்டைக் காலி பண்ணுகிற வேலையை நம் வீட்டுக்குள்ளேயே வாராவாரம் செய்கிறோம். போர் தண்ணீர் உப்பு. டைலில் வெள்ளைப் படிவு. ஆசிட் பாட்டிலைக் கவிழ்த்து, நுரை பொங்குவதைப் பார்த்து, அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படுகிறோம். பொங்குவது உப்புப் படிவு மட்டும் இல்லை. சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பும் அதே ஆசிடில் கரைந்து, அடுத்த குவளைத் தண்ணீரோடு ஓடிவிடுகிறது. ரெண்டு வருஷத்தில் ஜாயிண்ட் பள்ளமாகும். அந்த ஆசிடின் குளோரைடு தளத்துக்குள் இறங்கினால் கம்பிக்கும் கேடு. படிவு வராமல் இருக்கக் குளித்த பிறகு வைப்பரால் தள்ளிவிட்டாலே போதும். பழைய படிவுக்கு வினிகரை வைத்து மெதுவாகத் தேயுங்கள். அதுவும் அமிலம்தான், வீரியம் குறைந்தது. தேய்த்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். புது வீடென்றால் ஷவர் பகுதிக்கு எபாக்ஸி ஜாயிண்ட் போட்டுவிடுங்கள், விலை கூட, ஆனால் ஆசிடுக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது.

ஜாலியின் கீழே டிராப்பில் நிற்கிற தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பைப்பை வளைத்து அதில் தண்ணீரை நிறுத்தி, சாக்கடைக் காற்றைத் தடுக்கிற வித்தைக்கு 1775இல் காப்புரிமை வாங்கினவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்கிறவர். இன்றைக்கும் ஐம்பது மில்லிமீட்டர் தண்ணீர்தான் நமக்கும் சாக்கடைக்கும் நடுவில் கதவு. அது வற்றினால் என்ன ஆகும்? 2003 மார்ச்சில் ஹாங்காங்கில் ஆமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் நோய் வந்தது. பல வீடுகளில் பாத்ரூம் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் இல்லாததால் டிராப் வற்றிப்போயிருந்தது. எக்சாஸ்ட் ஃபேன் போட்டதும் கழிவுநீர்க் குழாயின் காற்றும் திவலையும் உள்ளே இழுபட்டிருக்க வேண்டும் என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். மாடியில் விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற பாத்ரூம் உங்களில் பலரிடம் இருக்கும். வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் அந்த ஜாலியில் ஊற்றுங்கள். கரப்பான் வருகிறது என்று மருந்தடிப்பவர்களும் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

முன் வரிசையில் ஒரு அம்மா எழுந்து, ஏற்கெனவே கட்டி, ஏற்கெனவே ஓதம் ஏறின வீட்டுக்கு என்ன வழி, உடைத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறார்கள். உடனே உடைக்க வேண்டாம். முதலில் அந்தப் பாத்ரூமைப் பத்து நாள் பூட்டி வையுங்கள். உள்ளே வருகிற தண்ணீர் வால்வு திறந்தே இருக்கட்டும், யாரும் புழங்கக் கூடாது. டிராப் தண்ணீர் வற்றாமல் அதில் மட்டும் ஒரு சொம்பு ஊற்றிக்கொள்ளுங்கள். வெளிச் சுவரில் ஈரம் நிற்கிற எல்லையைப் பென்சிலால் வரைந்துவிடுங்கள். ஈரம் கோட்டுக்குள் சுருங்கினால் கசிவு தரை வழியாகவோ வடிகால் வழியாகவோ வருகிறது. அப்போது டிராப்பைச் சுற்றி இரண்டடி மட்டும் எடுத்துப் பார்க்கலாம், பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும். ஈரம் சுருங்காமல் கோட்டைத் தாண்டினால், சுவருக்குள் போகிற பிரஷர் பைப்பைச் சந்தேகப்படுங்கள். வால்வை மூடி இன்னும் பத்து நாள் பாருங்கள். அதற்குப் பிறகு ஈரம் குறைந்தால் தரையைத் தொட வேண்டாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.